ஆயத்த ஆடைக் கூடத்தில் கணினி சிமுலேஷன்: செட்டிநாட்டுத் தையல் தொழில்முனைவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் ஆகிய ஊர்களில் பள்ளிச் சீருடையும் சட்டையும் நைட்டியும் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்களுக்குப் போய்வரும் தொழிற்பொறியாளன் நான். தையல் வரிசையை முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கூடத்தில் கை வைக்கலாம் என்று சொல்லும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தாம் எழுகின்றன. ஒவ்வொரு முறையும் பாதி விடை சொல்லி, மீதியை நேரமின்மையால் விட்டுவிட்டு வருகிறேன் என்ற மனக்குறையே இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

சிமுலேஷன் என்றால் என்ன? ஒரு சட்டை வரிசையை எடுத்துக்கொண்டால் கணினிக்குள் என்ன நடக்கிறது?

பாடநூல்களில் உருவகப்படுத்தல் என்று எழுதுவதைத்தான் கூடங்களில் சிமுலேஷன் என்கிறோம். கட்டிங் மேசையிலிருந்து கிளம்பும் ஒரு பண்டல் (வெட்டிய துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு), காலர், பாக்கெட், தோள் இணைப்பு, காலர் ஏற்றுதல், கை ஏற்றுதல், பக்கத் தையல், கீழ்மடிப்பு, காஜா (பட்டன் துளை), பட்டன், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று கைமாறிக்கொண்டே போகிறது. இந்தப் பயணத்தை அப்படியே கணினிக்குள் அமைக்கிறோம். ஒவ்வொரு பண்டலுக்கும் ஓர் எண். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் ஒரு வரிசை. ஒவ்வொரு வேலைக்கும் அது பிடிக்கும் நேரம், அதுவும் ஒரே எண்ணாக அல்லாமல், நாம் கடிகாரம் வைத்து அளந்தபோது எப்படி ஏறி இறங்கியதோ அதே ஏற்ற இறக்கத்துடன் கொடுக்கப்படுகிறது. ஒரு பண்டல் முடிந்தது, அடுத்தது தொடங்கியது, ஊசி ஒடிந்தது, மின்சாரம் போனது என்று ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குக் கணினி தாவுகிறது. இடையில் ஒன்றும் நடக்காத நொடிகளை அது எண்ணிக்கொண்டிருப்பதில்லை; அதனால் நம் கூடத்தின் ஒரு மாத வேலை கணினியில் சில நொடிகளில் ஓடி முடிகிறது.

இந்த முறை புதியது அன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெஃப்ரி கோர்டன் 1961ஆம் ஆண்டில் இதற்கென்றே ஜி.பி.எஸ்.எஸ். என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதே பத்தாண்டில் நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே யோகான் டால், கிரிஸ்டன் நியூகோர் ஆகிய இருவரும் சிமுலா மொழியை ஆக்கினார்கள். இன்று எல்லா மென்பொருள் மாணவர்களும் படிக்கும் பொருள்நோக்கு நிரலாக்கத்தின் வேர், வரிசையில் காத்திருக்கும் பொருள்களைக் கணினியில் காட்ட முயன்ற அந்த வேலையில்தான் இருக்கிறது.

திரையில் பொம்மைக்கு உடை உடுத்திக் காட்டும் மென்பொருளும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது துணி உடலில் எப்படி விழுகிறது, எங்கே சுருங்குகிறது என்று காட்டும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள். சாம்பிள் தைக்கும் செலவைக் குறைக்க உதவும். துணியில் வெட்டுத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கித் தரும் மார்க்கர் மென்பொருளும் வேறு. இந்தப் பக்கம் பேசுவது கூடத்துக்குள் வேலை ஓடும் விதத்தைப் பற்றி மட்டுமே.

ஒவ்வொரு வேலைக்கும் சராசரி நேரம் தெரியும். அதை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டால் போதாதா?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு தையற்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் கை ஏற்றுகிறார், இரண்டாமவர் பக்கத் தையல் போடுகிறார். இருவருக்கும் ஒரு சட்டைக்குச் சராசரி 60 நொடி. ஆனால் ஒவ்வொரு சட்டையும் 60 நொடியில் முடிவதில்லை. பாதிச் சட்டைகள் 30 நொடியிலும் மறுபாதி 90 நொடியிலும் முடிகின்றன. இருவருக்கும் நடுவில் சட்டையை வைக்க இடமில்லை. கைக்குக் கை கொடுக்க வேண்டும். சராசரிக் கணக்கின்படி மணிக்கு 60 சட்டை, எட்டு மணி நேரத்தில் 480 சட்டை வர வேண்டும்.

இப்போது கணினியே இல்லாமல் ஒரு சிமுலேஷன் செய்து பார்க்கலாம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதலாமவருக்கு, மற்றது இரண்டாமவருக்கு. இரண்டையும் ஒன்றாகச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 30 நொடி, பூ விழுந்தால் 90 நொடி. முதலில் முடித்தவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால், இரண்டில் எது பெரியதோ அதுதான் அந்தச் சுற்றின் நேரம். தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்ற நான்கு சேர்க்கைகளில் மூன்றில் 90 நொடி ஆகிறது. ஒன்றில் மட்டுமே 30 நொடி. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 75 நொடி. ஆக, மணிக்கு 48 சட்டைதான். எட்டு மணி நேரத்தில் 384. ஒருவரும் சோம்பியிருக்கவில்லை, ஓர் இயந்திரமும் பழுதாகவில்லை. ஆனாலும் 96 சட்டைகள் காணாமற்போயின. மாலையில் கணக்குப் பார்க்கும் முதலாளி, யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறார். ஏமாற்றியது சராசரி.

இருவருக்கும் நடுவில் சில சட்டைகள் சேர இடம் கொடுத்தால் இந்த இழப்பு குறையும். ஆனால் இடம் கூடக்கூட, கூடத்தில் முடங்கிக் கிடக்கும் துணியும் கூடும். எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை இரண்டு பேருக்குக் காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். இருபத்தைந்து இயந்திரமும் மூன்று அளவுச் சட்டையும் இருக்கும் கூடத்தில் அது இயலாது. அங்கேதான் கணினி வேண்டியிருக்கிறது.

எங்கள் டெய்லர்கள் வேகமாகத்தான் தைக்கிறார்கள். அப்படியிருந்தும் ஆர்டர் ஏன் தாமதமாகிறது?

துணி தைக்கப்படும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் பல மடங்கு அதிகம் என்பதுதான் காரணம். இதை இன்றைக்கே உங்கள் கூடத்தில் சரிபார்க்கலாம். கட்டிங் முடிந்து பேக்கிங்குக்கு வராத சட்டைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணை, ஒரு நாளைக்குப் பேக்கிங் ஆகும் சட்டைகளின் எண்ணால் வகுங்கள். எடுத்துக்காட்டாக, உள்ளே 600 சட்டை கிடந்து, நாளொன்றுக்கு 200 வெளியே போனால், ஒரு சட்டை கூடத்துக்குள் மூன்று வேலைநாள் இருக்கிறது என்று பொருள். அந்தச் சட்டையில் எல்லா ஊசி வேலையையும் கூட்டினால் அரை மணி நேரம்கூட வராது. இந்தக் கணக்கை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் பொதுவிதியாக நிறுவினார். லிட்டில் விதி என்றே பெயர்.

ஆகவே, ஊசியின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால், பண்டல் எங்கே எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிமுலேஷன் தரும் விடைகளில் நான் முதலில் படிப்பது இந்தக் காத்திருப்பு நேரப் பட்டியலைத்தான். மொத்த உற்பத்தி எண்ணை அதன் பிறகே பார்ப்பேன்.

என்னென்ன விவரங்களைத் திரட்ட வேண்டும்? எப்படி அளப்பது?

வேலைகளின் வரிசை, ஒவ்வொரு வேலைக்கும் எந்த இயந்திரம், யார் யாருக்கு எந்தெந்த வேலை தெரியும், பண்டலுக்கு எத்தனை உருப்படி, ஆல்டர் (பிழையைத் திருத்த மறுபடி தைக்க வேண்டிய உருப்படி) வரும் விகிதம், அது எந்த இடத்துக்குத் திரும்பிப் போகிறது, ஊசி ஒடிவதும் நூல் அறுவதும் எவ்வளவு அடிக்கடி, மெக்கானிக் வந்து சேர எவ்வளவு நேரம், மின்தடை ஏற்பட்டு ஜெனரேட்டர் எடுக்கும்வரை எவ்வளவு நேரம், வருகைப் பதிவேட்டின்படி எந்த நாளில் எத்தனை பேர் வரவில்லை ஆகியவை வேண்டும். இவற்றில் பாதி உங்கள் கூடத்து நோட்டுகளிலேயே இருக்கும். கணக்கை விடாமல் எழுதிவைக்கும் பழக்கம் இந்த ஊரில் பழையது. பேரேடும் ஐந்தொகையும் பார்த்து வளர்ந்தவர்களின் கூடங்களில் பழைய நோட்டுகள் பத்திரமாக இருப்பதைக் கண்டு நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

தையல் நேரத்தை மட்டும் நேரில் அளக்கத்தான் வேண்டும். எத்தனை முறை அளப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு வேலையின் நேரம் சராசரியைச் சுற்றி 20% அளவுக்கு ஏறி இறங்குகிறது என்றால், சராசரியை 5% பிழைக்குள், 95% நம்பிக்கையோடு அறிய ஏறத்தாழ 62 முறை அளக்க வேண்டும். ஏற்ற இறக்கம் 25% ஆக இருந்து, 10% பிழை போதும் என்றால் 25 முறையில் முடித்துவிடலாம். எல்லா வேலைக்கும் 62 முறை தேவையில்லை. பண்டல் குவிந்து கிடக்கும் இரண்டு மூன்று இடங்களில் நிறைய அளந்து, மற்றவற்றில் குறைத்துக்கொள்ளலாம்.

அளக்கும் விதத்தில் நான் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். முதன்முதலாக ஒரு கூடத்தில் காலர் ஏற்றும் அக்காவின் எதிரே ஸ்டாப்வாட்ச்சோடு நின்று அரை நாள் அளந்தேன். மதியத்துக்கு மேல் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "தம்பி, நீங்க எதுக்க நின்னா எனக்குக் கையே ஓடலப்பா" என்றார். அன்று எடுத்த எண்கள் அனைத்தையும் நான் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இப்போது முதல் நாள் எதையும் அளப்பதில்லை. என்ன செய்யப் போகிறேன், எதற்காக என்று எல்லாரிடமும் சொல்கிறேன். எழுதும் தாளில் பெயர் இராது, வேலையின் பெயர் மட்டுமே இருக்கும் என்று அந்தத் தாளையே காட்டுகிறேன். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். காலையில் கொஞ்சம், சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம், பஸ் பிடிக்கும் நேரம் நெருங்கும்போது கொஞ்சம் என்று பிரித்து அளக்கிறேன். ஏனென்றால் ஒரே கை மூன்று வேளையிலும் மூன்று விதமாக ஓடும்.

இதற்கு விலை உயர்ந்த மென்பொருள் வாங்க வேண்டுமா?

சிறு கூடத்துக்குத் தேவையில்லை. பெரிய ஆலைகள் அரீனா, சிமியோ, ஃபிளெக்ஸ்சிம், எனிலாஜிக், சீமென்ஸ் நிறுவனத்தின் பிளான்ட் சிமுலேஷன் போன்றவற்றைப் பயன்படுத்துகின்றன. பைத்தான் மொழியில் எழுதத் தெரிந்தவருக்குச் சிம்பை என்ற நிரற்றொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. நிரல் எழுத விரும்பாதவர் படம் வரைவதுபோல் மாதிரியை (கணினிக்குள் காட்டப்படும் உங்கள் கூடத்தை) அமைக்க ஜாம்சிம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான்கைந்து வேலை மட்டுமே உள்ள வரிசையை எக்செல்லில் தற்செயல் எண்களை வைத்தே ஓட்டிவிடலாம். சாதாரண மடிக்கணினி போதும்.

செய்து கொடுக்க ஆள் எங்கே என்பதுதான் உண்மையான கேள்வி. காரைக்குடியில் 1952இல் தொடங்கப்பட்டு இன்று அரசுக் கல்லூரியாக உள்ள பொறியியல் கல்லூரி இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தக் கல்வி நிலையங்களுக்கு வித்திட்ட வள்ளல் அழகப்பச் செட்டியார் துணி ஆலை நடத்தியவர். இறுதியாண்டு மாணவர்கள் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் காலத்தில், உங்கள் கூடத்தின் கதவைத் திறந்து விடுங்கள். மாணவருக்கு உண்மையான எண்கள் கிடைக்கும், உங்களுக்குக் கூடத்தின் கணினி மாதிரி கிடைக்கும்.

கணினி சொல்வதை எப்படி நம்புவது?

முதலில் நம்பக்கூடாது. எந்த மாற்றமும் செய்யாமல், கூடம் இன்று இருக்கிறபடியே மாதிரியை ஓட்ட வேண்டும். அது காட்டும் நாள் உற்பத்தியும், எந்த இயந்திரத்துக்கு முன்னால் எத்தனை பண்டல் என்பதும், கடந்த இரண்டு வாரத்து நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று பொருள். நான் விட்டுவிடுபவை பெரும்பாலும் ஒரே மாதிரியானவை: வேறு நிறத் துணி வரும்போது நூல் மாற்றும் நேரம், பாபினில் நூல் சுற்றும் நேரம், பண்டலைத் தேடி எழுந்து நடக்கும் நேரம். சூப்பர்வைசரை உட்காரவைத்துத் திரையைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பிழையைச் சொல்லிவிடுவார். அவருடைய கண்ணுக்குத் தப்பும் மாதிரியை நான் வெளியே கொடுப்பதில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கணினியில் கூடம் காலியாகத் தொடங்குகிறது. ஆனால் உண்மையில் ஒவ்வொரு காலையும் நேற்றைய பண்டல்கள் மேசையில் கிடக்கின்றன. ஆகவே முதல் சில நாள்களின் எண்களைக் கழித்துவிட்டுத்தான் கணக்கெடுக்க வேண்டும். மேலும், ஒரே ஓட்டத்தின் விடையை எடுத்துக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. தற்செயல் எண்களை மாற்றி மாற்றி இருபது முப்பது முறையாவது ஓட்டி, சராசரியையும் அது எந்த எல்லைக்குள் அலைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளைக்கு 214 சட்டை வரும் என்று ஒற்றை எண்ணைச் சொல்பவரைவிட, 200க்கும் 225க்கும் இடையில் வரும் என்று சொல்பவர் உங்களுக்கு அதிகம் உதவுகிறார்.

பண்டலில் எத்தனை உருப்படி கட்டலாம்?

பெரும்பாலான கூடங்களில் பண்டலின் அளவு பழக்கத்தால் வந்தது. யாரும் கணக்கிட்டு வைத்ததன்று. ஒரு நிமிடம் வீதம் ஆறு வேலைகள் உள்ள வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது உருப்படிகளையும் ஒரே பண்டலாகக் கட்டினால், முழுப் பண்டலும் முடிந்த பிறகே அடுத்த இடத்துக்குப் போகும். ஆறு இடத்தில் இருபது இருபது நிமிடம் என்று 120 நிமிடம் கழித்துத்தான் அது வெளியே வரும். அதே இருபதை ஐந்து ஐந்தாக நான்கு பண்டல் கட்டினால், முதற்பண்டல் 30 நிமிடத்தில் வந்துவிடும். கடைசிப் பண்டல் 45ஆவது நிமிடத்தில் வந்துவிடும். ஆளும் அதே ஆள், இயந்திரமும் அதே இயந்திரம். காலர் முனை தவறாகத் தைக்கப்பட்டிருந்தால், அதைச் செக்கிங்கில் கண்டுபிடிப்பதும் அவ்வளவு சீக்கிரமாக நடக்கும். ஆல்டர் ஐந்தோடு நிற்கும்.

அப்படியானால் ஒவ்வொன்றாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்பார்கள். பண்டலை அவிழ்த்து, எண் பார்த்து, மறுபடி கட்டி அடுத்தவரிடம் தள்ள அரை நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். இருபது உருப்படிப் பண்டலில் அது ஓர் உருப்படிக்கு ஒன்றரை நொடி; ஐந்து உருப்படிப் பண்டலில் ஆறு நொடி; ஒற்றை உருப்படியாகக் கொடுத்தால், கட்டும் வேலை இல்லையென்றாலும், எடுத்துக் கொடுக்கும் நேரம் ஒவ்வொரு முறையும் சேரும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் கூடத்தின் எண்களைப் பொறுத்தது. மாதிரியில் 4, 6, 8, 10, 12, 20 என்று மாற்றி ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு பிற்பகல் போதும். கூடத்தில் நேரடியாகச் சோதித்தால் ஒரு சீசன் போய்விடும்.

தேக்கம் இருக்கும் இடத்தில் இன்னோர் இயந்திரம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடாதா?

சில நேரம் ஆகும். பல நேரம் ஆகாது. ஒரு கூடத்தில் காஜா இயந்திரத்தின் முன்னால் சட்டைகள் எப்போதும் இடுப்பளவு குவிந்திருந்தன. இரண்டாவது காஜா இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கும் நிலையில் உரிமையாளர் இருந்தார். வாங்கும் முன் மாதிரியில் அந்த இயந்திரத்தைச் சேர்த்து ஓட்டினோம். குவியல் குறையவே இல்லை. திரும்பக் கூடத்துக்குப் போய் அரை மணி நேரம் பார்த்தபோது காரணம் தெரிந்தது. காஜாவையும் பட்டனையும் ஒரே அக்காதான் பார்த்துவந்தார். அவர் பட்டன் இயந்திரத்தில் இருக்கும் நேரமெல்லாம் காஜா இயந்திரம் சும்மா நின்றது. ஆள் இல்லாத இடத்தில் எத்தனை இயந்திரம் இருந்து என்ன? நூல் நறுக்கும் வேலையில் இருந்த ஒரு பெண்ணுக்குப் பட்டன் இயந்திரம் பழக்குவது என்று மாதிரியில் மாற்றியபோது குவியல் கரைந்தது. கூடத்திலும் அப்படியே நடந்தது. அந்தப் பெண்ணுக்கு டெய்லர் கூலியும் கிடைத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓர் இயந்திரம் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக்கூடாது என்று நினைப்பது, பார்க்கச் சிக்கனம்போல் தோன்றினாலும், தாமதத்தை வளர்க்கும். வரிசைகளைப் பற்றிய கணிதத்தைக் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏர்லாங் என்பவர் 1909இல் தொடங்கிவைத்தார். வரவும் வேலை நேரமும் முற்றிலும் தற்செயலாக அலையும் ஓர் இயந்திரத்துக்கு அந்தக் கணிதம் சொல்வது இது: இயந்திரம் 80% நேரம் வேலையில் இருந்தால், ஒரு பண்டல் தன் வேலை நேரத்தைப்போல் 4 மடங்கு காத்திருக்கும், 90% என்றால் 9 மடங்கு, 95% என்றால் 19 மடங்கு. தையல் வரிசையில் அலைவு இந்த அளவுக்கு இராது என்பதால் மடங்குகளும் குறையும். ஆனால் நூறை நெருங்க நெருங்கக் காத்திருப்பு எகிறும் என்பது மாறாது.

எங்கள் கூடம் ஒரு பழைய வளவு வீட்டில் நடக்கிறது. தூணையும் சுவரையும் இடிக்க முடியாதே?

இடிக்கவே வேண்டாம். செட்டிநாட்டு வீடு முகப்பிலிருந்து பின்தெருவரை நீளமாகப் போவது, உண்மையில், வேலை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவதற்கு ஏற்றது. பந்தி போட்ட நீண்ட கூடத்தில் கட்டிங் மேசை அழகாக உட்காரும்; முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தியில் வெளிச்சம் நன்றாக விழும் இடம் செக்கிங்குக்கு. சிக்கல் நிலைப்படிகளில்தான். படி உயரமாக இருப்பதால் தள்ளுவண்டி உருளாது. ஒவ்வொரு பண்டலையும் தோளில் தூக்கித் தாண்ட வேண்டும். ஆகவே மாதிரியில் தூரத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு நிலைப்படிக்கும் தனியாக நேரம் சேர்க்க வேண்டும். எந்த வேலைகளை வீட்டின் ஒரே கட்டுக்குள் வைத்தால் படி தாண்டுவது குறையும் என்று நாலைந்து விதமாக அடுக்கிப் பார்க்கலாம்.

இரண்டு வேலைகளுக்கு நடுவில் எத்தனை பண்டல் வரை சேரலாம் என்று மாதிரி சொன்ன எல்லையை, அந்த வீடுகளில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை எண்ணியே குறித்துவிடுகிறோம். ஆறு கல் அகலத்துக்குச் சாக்பீசால் கட்டம் கட்டி, அது நிறைந்தால் முந்தைய இடத்தில் இருப்பவர் தைப்பதை நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குக் கைகொடுக்கப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. கணினித் திரையைப் பார்க்காதவர்களுக்கும் இந்தக் கட்டம் புரிகிறது.

இதனால் ஆள் குறைப்பார்கள் என்று டெய்லர்கள் அஞ்சுகிறார்களே?

அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நேர அளவு எடுத்து, அதை வைத்துக் கூலியைக் குறைத்த கதைகளை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எடுக்கும் எண்கள் பீஸ் ரேட்டை (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை) குறைக்கப் பயன்படக்கூடாது. இது கருணை மட்டும் அன்று. அப்படிப் பயன்படுத்திய கூடத்தில் அடுத்த முறை உண்மையான எண் ஒன்றுகூடக் கிடைக்காது. பொய்யான எண்ணைப் போட்டால் மாதிரியும் பொய்தான் சொல்லும். மேலும், சராசரிக் கணக்கால் வந்த இழப்புக்கு டெய்லரின் கையைக் குறை சொல்வது நியாயமே அன்று. நாணயக் கணக்கை நான் முதலாளிகளுக்கு மட்டுமன்றி டெய்லர்களுக்கும் செய்து காட்டுகிறேன். "அப்ப நாங்க மெதுவா தைக்கலன்னு இதுலயே தெரியுதே" என்று ஒருவர் சொன்னபோது, அந்த அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

திருவிழாக் காலத்தில் பாதிப் பேர் வருவதில்லை. அதையும் கணினி கணக்கில் எடுக்குமா?

எடுக்க வேண்டும். அதைக் கணக்கில் எடுக்காத கணினி மாதிரி இந்த ஊருக்கு உதவாது. தை மாதத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா, குன்றக்குடிப் பங்குனி உத்திரம் என்று எந்த நாள்களில் எந்த ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள் என்பது பழைய வருகைப் பதிவேட்டில் எழுதியே இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் சீருடை போய்ச் சேர வேண்டும் என்பதால், பங்குனியில் இழந்த நாள்களைச் சித்திரையில் ஈடுகட்டுவதா, மாசிக்கு முன்பே கட்டிங்கைத் தொடங்குவதா என்று இரண்டையும் ஓட்டிப் பார்க்கலாம். எந்த வேலைக்கு ஒரே ஆள்தான் இருக்கிறார் என்பதையும் மாதிரி காட்டிக்கொடுக்கும். அவர் பால்குடம் எடுக்கப் போகும் நாளில் வரிசை முழுவதும் நிற்காதிருக்க, அந்த வேலையை இன்னொருவருக்கு இரண்டு மாதம் முன்பே பழக்கிவிட வேண்டும்.

எங்கள் சங்க உறுப்பினர்கள் வீட்டிலேயே தைக்கிறார்கள். இது பொருந்துமா?

அரசுப் பள்ளிகளில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கான நான்கு இணைச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுப்பதால், இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பொருந்தும், ஆனால் அங்கே இயந்திரத்துக்கு முன்னால் வரிசை இல்லை. வெட்டிய துணி கைக்கு வரும் நாள், தைத்ததைத் திரும்ப ஒப்படைக்கும் நாள், செக்கிங் மேசை ஆகிய மூன்று இடங்களில்தான் கூட்டம் சேர்கிறது. ஒரே நாளில் எல்லாரையும் வரச் சொல்வதற்குப் பதில் ஊர்வாரியாக நாள் பிரித்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதை எக்செல்லிலேயே கண்டுவிடலாம்.

கண்டாங்கிச் சேலை நெசவுக்குச் சிமுலேஷன் உதவுமா?

காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்கப்படும் கேள்வி இது. தறியில் நடக்கும் நெசவுக்கு இது தேவையில்லை என்பதே என் கருத்து. ஒரு தறி, ஒரு நெசவாளர். அங்கே ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பதில்லை. கைத்தறியின் அழகே அந்த மனிதரின் கையில் இருக்கும்போது, அதை நொடிக் கணக்கில் அளக்க நான் போகமாட்டேன்.

தறிக்கு வருவதற்கு முந்தைய வேலைகள் வேறு. நூலுக்குச் சாயம் போடுவது, பாவு (தறியின் நெடுக்கு நூல்) ஓட்டுவது, தார் (குறுக்கு நூல் சுற்றும் குழல்) சுற்றுவது ஆகியவற்றைப் பல தறிகள் பொதுவாகப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டில் பாவு தீர்ந்து தறி சும்மா நிற்க, இன்னொரு வீட்டில் இரண்டு பாவு சுருட்டியபடி பரணில் இருக்கும். எந்தத் தறியில் பாவு எந்த நாளில் தீரும் என்று எழுதிவைத்து, சாயப்பட்டறையில் எந்த நிறத்தை எந்த நாளில் போடுவது என்பதை அதோடு பொருத்தி ஓட்டிப் பார்ப்பது பயன் தரும். மழைக்காலத்தில் சாயமேற்றிய நூல் உலர எத்தனை நாள் கூடுதலாகிறது என்பதை நெசவாளரிடமே கேட்டு அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.